நீலத்துக்கு ருசி கிடையாது

ப்ளூ குராசோ என்ற மதுவில் இருக்கும் நீலத்துக்கு ருசி கிடையாது. ஆரஞ்சுத் தோலின் வாசனை, லேசான கசப்பு, நிறைய சர்க்கரை. அதன் ருசி அவ்வளவுதான். நிறமில்லாத குராசோவும் கடையில் கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் குடித்தால் எது எது என்று என்னால் சொல்ல முடிவதில்லை. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஈ133 என்று போட்டிருக்கும். பிரில்லியண்ட் ப்ளூ என்கிற செயற்கைச் சாயம். ஆனாலும் நிறமில்லாததை வாங்கிவந்து ‘ப்ளூ ஹவாய்’ போட யாருக்கும் தோன்றாது. அந்தப் பானத்தில் வேலை செய்யாத ஒரே பொருள்தான் அந்தப் பானத்தின் பெயராக இருக்கிறது.

இந்தப் பானத்தின் பிறப்புக் கதையும் அப்படித்தான். 1957ஆம் ஆண்டு, ஹொனலுலுவின் வைகீகி கடற்கரை. பின்னாளில் ஹில்டன் ஹவாயியன் வில்லேஜ் என்று பெயர்பெற்ற ஹோட்டலில் ஹாரி யீ என்பவர் தலைமை பார்டெண்டர். டச்சு மது நிறுவனமான போல்ஸின் விற்பனைப் பிரதிநிதி அவரிடம் வந்து, எங்கள் நீல குராசோ விற்க வேண்டும், இதை வைத்து ஏதாவது செய்து தாருங்கள் என்று கேட்கிறார். யீ சில சேர்மானங்களை முயன்று பார்த்து இதைத் தருகிறார். சரக்கு முதலில், தேவை பிறகு. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. ஒரு தொழில்நுட்பம் கைக்கு வந்துவிடும், அதற்கு ஒரு பிரச்சினையைத் தேடி ஊரெல்லாம் அலைவோம்.

எல்விஸ் பிரெஸ்லியின் ‘ப்ளூ ஹவாய்’ படம் வந்தது 1961ல். படத்தைப் பார்த்துப் பானத்துக்குப் பெயர் வைத்தார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. பானம்தான் மூத்தது.

செய்முறை சுலபம். வோட்கா 22 மில்லி, வெள்ளை ரம் 22 மில்லி, ப்ளூ குராசோ 15, அன்னாசிச் சாறு 90, எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் கலந்தது 30. ஐஸ் போட்டுக் குலுக்கி, உயரமான கிளாஸில் ஊற்றி, விளிம்பில் ஒரு அன்னாசித் துண்டைச் செருகினால் முடிந்தது. (தேங்காய் க்ரீம் சேர்ப்பது ‘ப்ளூ ஹவாயியன்’, அது வேறு. இரண்டையும் குழப்பி எழுதாத இணையதளம் அபூர்வம்.) சென்னையிலும் பெங்களூரிலும் மதுவே இல்லாமல், நீல சிரப்பும் சோடாவும் எலுமிச்சையுமாக ‘ப்ளூ லகூன்’ என்று கொண்டுவந்து வைக்கிறார்களே, அதன் தூரத்துச் சொந்தம். பிறந்தநாள் டிரீட்டில் அதைக் குடிக்காதவர் நம்மில் குறைவு.

வீட்டில் செய்யும்போதுதான் நிறத்தின் பிடிவாதம் தெரிகிறது. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் அன்னாசி நல்ல மஞ்சள். மிக்ஸியில் அடித்து வடிகட்டிய சாற்றில் நீலத்தை ஊற்றினால் பச்சை வரும், அதுவும் குளத்துப் பாசி போல. காரணம் எளிது. நீலச் சாயம் வெளிச்சத்திலிருந்து சிவப்பை எடுத்துக்கொள்கிறது, அன்னாசியின் மஞ்சள் நீலத்தை எடுத்துக்கொள்கிறது, கண்ணுக்கு மிஞ்சுவது பச்சை. மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, சாற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்து, எலுமிச்சையைக் கூட்டினால்தான் சுற்றுலா விளம்பரத்தில் வரும் அந்தக் கடல் நிறம் கிடைக்கிறது. உண்மையான பழத்தைப் போட்டால் நிறம் கெடுகிறது, வெளிறிய டப்பா சாற்றைப் போட்டால் அழகாக வருகிறது. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

“சாயம் எதுக்குடா, சங்குப்பூ போடலாமே” என்றாள் அக்கா. நல்ல யோசனை. சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டால் ராத்திரி வானம் போல ஆழ்ந்த நீலம் இறங்குகிறது. ஆனால் எலுமிச்சை பட்ட மறுநொடி அது ஊதாவாகிவிடும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. சங்குப்பூவின் ஆந்தோசயனின் அமிலத்துக்குத் தக்கபடி நிறம் மாறும் பொருள். பள்ளிக்கூட லிட்மஸ் தாள் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. புளிப்பு எவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறது. எவ்வளவு புளிப்பிலும் அசையாமல் நீலமாகவே நிற்பது செயற்கைச் சாயம்தான்.

அப்படியானால் சாயம் பொய் சொல்கிறதா?

பிளேட்டோவைக் கேட்டால் தயங்காமல் ஆமாம் என்பார். ‘கோர்ஜியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் சமையலை மருத்துவத்தின் போலி என்கிறார், ஒப்பனையை உடற்பயிற்சியின் போலி என்கிறார். உடலுக்கு எது நல்லது என்ற அறிவே இல்லாமல், எது பிடிக்கும் என்று மட்டும் பார்த்துச் செய்யப்படுபவை இரண்டும். வடிவத்தாலும் வண்ணத்தாலும் ஏமாற்றுபவை. நம் கிளாஸ் இந்த இரண்டு குற்றப்பத்திரிகையிலும் வரும்.

வள்ளுவர் இவ்வளவு கறார் இல்லை. குற்றமில்லாத நன்மையைத் தருமென்றால் பொய்யையும் உண்மைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கலாம் என்பது அவர் கணக்கு. அங்கே எல்லாப் பாரமும் ‘குற்றமில்லாத’ என்ற நிபந்தனையின் மேல்தான்.

எனக்கு இன்னொரு சந்தேகம் உண்டு. பொய் என்றால் ஏமாந்தவர் ஒருவர் வேண்டாமா? என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம். கணினி ஒரு கணக்கை அரை நொடியில் முடித்துவிடும். ஆனால் அவ்வளவு வேகமாக விடை வந்தால் ஆட்கள் நம்புவதில்லை. அதனால் ‘உங்கள் விவரங்கள் சரிபார்க்கப்படுகின்றன’ என்று ஒரு சக்கரத்தை மூன்று நொடி சுற்றவிடும் வழக்கம் இருக்கிறது. அது பொய், நல்லெண்ணப் பொய்யாகவே இருந்தாலும். பார்ப்பவர் உண்மையிலேயே ஏதோ சரிபார்க்கப்படுகிறது என்று நினைக்கிறார். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. அதிலிருந்த ரோஸ் நிறம் ரோடமின் பி, துணிக்குப் போடுகிற சாயம். அது பொய் என்பதையும் தாண்டியது, விஷம். தின்னும் பண்டம் என்று நம்பித்தான் குழந்தை வாய் வைத்தது.

ப்ளூ ஹவாயில் ஏமாந்தவர் யார்? அந்த நீலம் ஏதோ பழத்திலிருந்து வந்தது என்று யாரும் நினைப்பதில்லை. அது சாயம் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மேடையில் ராஜா வேஷம் கட்டியவரை யாரும் ராஜா என்று நினைப்பதில்லையே, அதுபோல. போதாததற்கு, நிறத்துக்கு ருசி இல்லை என்று நான் தொடக்கத்தில் சொன்னதும் முழு உண்மை இல்லை. 2001ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு பிரபலம். போர்தோவில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் சொற்களால்தான் அதன் வாசனையை அவர்கள் விவரித்தார்கள். நாக்கு தனியாக வேலை பார்ப்பதில்லை. கண் கொடுக்கும் வாக்குமூலத்தையும் சேர்த்துத்தான் ருசி என்கிறோம். கண்ணைத் திறந்துகொண்டு குடித்தால் இந்த நீலம் கொஞ்சம் குளிர்ச்சியாகவே இருக்கிறது.

ஆக நீலத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. புகார் இருப்பது கிளாஸின் விளிம்பில், ஒப்பனை எதுவும் இல்லாமல், இயற்கையாக, அப்பாவியாக உட்கார்ந்திருக்கும் அன்னாசித் துண்டின் மேல்.

அன்னாசி ஹவாயில் பிறந்ததில்லை. தென்னமெரிக்கப் பழம். ஹவாய் என்றதும் அன்னாசி நினைவுக்கு வருவதற்குப் பின்னால் ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. 1893 ஜனவரியில், ஹவாய் ராஜ்ஜியத்தின் அரசி லிலியுகலானியை அங்கிருந்த வெள்ளை வணிகர்களும் அவர்களோடு நின்றவர்களும் சேர்ந்து பதவியிலிருந்து இறக்கினார்கள். அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய படைவீரர்கள் ஹொனலுலு தெருவில் நின்றார்கள். அடுத்து வந்த அரசுக்குத் தலைவர் சான்ஃபோர்ட் டோல். 1894ல் அறிவிக்கப்பட்ட ஹவாய்க் குடியரசுக்கும் அவரே தலைவர். 1895ல் அரசியை அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறைக்குள் சிறைவைத்தார்கள். 1898ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு சான்ஃபோர்டின் உறவினர் ஜேம்ஸ் டோல் வந்து இறங்கினார். 1901ல் ஹவாயியன் பைனாப்பிள் கம்பெனியைத் தொடங்கினார். 1922ல் லானாய் தீவை ஏறக்குறைய முழுவதுமாக வாங்கி அன்னாசித் தோட்டமாக்கினார். டப்பாவில் இன்றும் இருக்கும் டோல் என்ற பெயர் அதுதான். நடந்தது தவறு என்று அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது 1993ல். நூறு வருடம் கழித்து.

லானாயில் அன்னாசி விவசாயம் எப்போதோ முடிந்துவிட்டது. 2012ல் அந்தத் தீவின் 98 சதவீதத்தை வாங்கியவர் லாரி எல்லிசன், ஆரக்கிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். நான் வேலைக்குச் சேர்ந்து முதலில் கற்றுக்கொண்டது ஆரக்கிள் டேட்டாபேஸ். தூரம் என்று எதைச் சொல்வது என்று அன்றைக்குக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மற்ற பொருள்களும் யோக்கியம் இல்லை. குராசோ என்பது கரீபியக் கடலில் இருக்கும் தீவின் பெயர். ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்து நட்ட ஆரஞ்சு அந்த வறண்ட மண்ணில் வாயில் வைக்க முடியாத கசப்பாகிவிட்டது. தோலில் மட்டும் வாசனை தங்கியது. அதே தீவு பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் அடிமைச் சந்தையாக இருந்தது. ரம் கரும்புச் சர்க்கரையின் கழிவுப்பாகிலிருந்து வந்தது, கரீபியத் தோட்டங்களில் யார் கரும்பு வெட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கிளாஸிலேயே கடல் தாண்டிய பாவம் இல்லாதது வோட்கா ஒன்றுதான், அதற்கும் ருசி கிடையாது.

இதையெல்லாம் ஒருநாள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னபோது நண்பன் சொன்னான்: “மச்சான், ஒரு டிரிங்க்கை நிம்மதியா குடிக்க விடுடா.” நியாயமான கோரிக்கை. ஆனால் கூட வேலை பார்க்கும் தோழி கேட்டதுதான் தைத்தது. “தெரியாம குடிக்கிறவன விட, இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டும் குடிக்கிறவன்தானே மோசம்?”

இந்தக் கேள்வியை நான் பல மாதமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். சுலபமான பதில் ஒன்று உண்டு. நான் வாங்கிய அன்னாசி கேரளத்தில் விளைந்தது, என் காசு டோல் கம்பெனிக்குப் போகவில்லை. நான் குடிப்பதால் ஹவாய்க்காரர் யாருக்கும் ஒரு பிடி மண்ணும் குறையவில்லை. அந்தக் கணக்குப்படி எல்லாம் சுத்தம். இன்னொரு சுலபமான பதில், எதையுமே தொடாதே என்பது. அப்படிப் பார்த்தால் காலைக் காபியிலேயே நாள் முடிந்துவிடும். டீ இன்னும் மோசம். இரண்டுமே கணக்குவழக்குப் பதில்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்கிறவை.

மூன்றாவது பதில் ஒன்றும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம் தருவது. குடிப்பதற்கு முன் வரலாற்றைச் சொல்லிவிடுவது. அரசியின் கதை, அடிமைச் சந்தையின் கதை, பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு சியர்ஸ். இப்படிச் சொல்லும்போது வரலாறு அந்தக் கிளாஸில் செருகிய காகிதக் குடையாகிவிடுகிறது. குற்றவுணர்ச்சியும் ஓர் அலங்காரம், பானத்துக்குக் கொஞ்சம் ஆழம் கொடுக்கிறது. சொல்கிறவன் மேலும் ரெண்டு சுற்று குடிக்கலாம். இணையத்தில் எழுதும் எங்கள் தலைமுறைக்கு இது கைவந்த கலை. இந்தக் கட்டுரையும் அந்தச் சந்தேகத்துக்கு வெளியே இல்லை.

தோழிக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. இந்தப் பானத்தின் தவறு என் காசு எங்கே போகிறது என்பதில் இல்லை, அது என் கண்ணை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. அந்தக் கிளாஸைப் பாருங்கள். நீலக் கடல், மஞ்சள் வெயில், ஒரு பூ. ஆள் இல்லை. சொர்க்கம் என்று விற்கப்படும் எல்லாப் படத்திலும் இதே இலக்கணம்தான். ஆள் இருந்தால் அது ஊராகிவிடும், ஊருக்கு வரலாறு இருக்கும், பஸ் ஸ்டாண்டு இருக்கும், நிலத் தகராறு இருக்கும். ஆளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காட்சி. ஒரு நிலத்தை ஆளில்லாத இடமாகப் பார்க்கப் பழகியவர்களுக்கு அதை வாங்குவதும் விற்பதும் கஷ்டமாக இருப்பதில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு ஹவாயிலிருந்து வந்ததில்லை. மூணாறில், வால்பாறையில் நம் ஆட்கள் எடுக்கும் போட்டோக்களைப் பார்த்தால் போதும். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல, என்று எழுதாத பயணக் கட்டுரை இல்லை. அந்தக் கம்பளத்தைக் கிள்ளிக் கிள்ளி ஒரே மட்டத்தில் வைத்திருக்கும் கைகள் படத்தில் இருக்காது, லயன் வீடுகள் இருக்காது. அவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள். பசிபிக் கடலின் அந்த நீலத்திலும் நம்மவர்கள் உண்டு. 1879 முதல் 1916 வரை ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய அறுபதாயிரம் பேர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் போனது. அந்தத் தோட்டத்துப் பெண்களைப் பற்றித்தான் பாரதி பாடினார். நாம் பள்ளியில் அதை மனப்பாடம் செய்தோம், பிறகு தேனிலவுப் பேக்கேஜில் ஃபிஜியின் பெயரைப் பார்த்தபோது நமக்கு நினைவுக்கு வந்தது நீலத் தண்ணீர் மட்டும்தான்.

அதனால் தெரிந்து குடிப்பது மோசமா என்றால், எது தெரிந்து என்று கேட்பேன். குற்றப்பட்டியல் தெரிந்து குடிப்பதில் ஒன்றுமில்லை, அது இரண்டு நாளில் மறந்துபோகும். அந்தப் படத்துக்குள் ஓர் ஆளாவது தெரிந்தால் பானம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு அந்த ஆள் அரசியும் இல்லை, டோலும் இல்லை. ஹாரி யீ.

அவர் சீன வம்சாவளியில் வந்த ஹவாய்க்காரர். 1950களில் சுற்றுலாக் கூட்டம் வரத் தொடங்கிய வைகீகியில் நின்று, வருகிறவர்கள் மனதில் வைத்திருந்த ஹவாயை அவர்களுக்கே கலந்து கொடுத்தவர். 1959ல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானது, ஜெட் விமானமும் வந்தது, கூட்டம் பெருகியது. வருகிறவர்கள் எல்லோரும் ஹவாய்ப் பானம் ஒன்று கொடு என்று கேட்டார்கள். அப்படி ஒன்று கிடையவே கிடையாது. கேட்டவர்களுக்காகச் செய்யத்தான் வேண்டும். இதில் அவரை ஏமாற்றுக்காரர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிளையண்ட் கேட்டதைச் செய்து கொடுத்த ஒருவர். கேட்பவரின் கற்பனையைக் கேட்பவரைவிட நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர். அதில் ஒரு தொழில்காரனின் பெருமையும் இருந்திருக்கும், கொஞ்சம் சிரிப்பும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இந்த வகைப் பானங்களில் ஆர்க்கிட் பூ வைக்கும் வழக்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான் என்பார்கள். காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் கிளாஸில் ஒரு கரும்புத் துண்டைச் செருகிக் கொடுப்பார்கள். வந்தவர்கள் அதை மென்றுவிட்டுச் சாம்பல் கிண்ணத்தில் போடுவார்கள். சிகரெட் சாம்பலும் கரும்புச் சாறும் சேர்ந்து பசையாக ஒட்டிக்கொள்ளும், கழுவ முடியாது. பூவை யாரும் மெல்ல மாட்டார்கள் அல்லவா. அதனால் பூ.

சொர்க்கத்தின் சின்னம் என்று உலகமெல்லாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பூ, கிண்ணம் கழுவுகிறவரின் வேலையைக் குறைக்க வந்தது. இந்தப் பானத்தைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான். இதில் மட்டும்தான் சிங்க் தெரிகிறது.

ஹோட்டலில் குடித்தால் சிங்க் தெரியாது. வீட்டில் தெரியும். வீட்டில் செய்கிறவன் கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டியிருக்கிறது. வடிகட்டிய துணியில் அன்னாசி நார், ஷேக்கரின் கழுத்தில் உறைந்த பாகு, கட்டையில் எலுமிச்சை விதை. சிந்திய குராசோ ஒரு சொட்டு போதும், விரல் ரேகைக்குள் போன நீலம் இரண்டு கைகழுவலுக்குப் போகாது. நான் பூ வைப்பதில்லை, அன்னாசியின் இலை ஒன்றைச் செருகுகிறேன். இப்போதெல்லாம் யாராவது கேட்டால் அரசியின் கதையைச் சொல்வதில்லை, சாம்பல் கிண்ணத்தின் கதையைத்தான் சொல்கிறேன். போன முறை நண்பன் அதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் நாலு கிளாஸையும் கழுவிக் கவிழ்த்தான். ஷேக்கரை மறந்துவிட்டான். காலையில் பார்த்தால் அடுப்பு மேடை முழுக்க எறும்பு.